சரிவில் ஓர் அங்குலம்

விளையாட்டிலும் லைசென்ஸ் கேட்கிறார்கள்.
கெய்லனின் புது ரேஸில் நாற்பது கார்,
நாற்பதும் பூட்டிக் கிடக்கின்றன.
பிரேக் தேர்வில் வெண்கலமாவது வாங்காமல்
எந்தச் சாலையும் திறக்காதாம்.

"அநியாயம் சித்தி,
விளையாட்டுதானே, இதில் யார் சாகப்போறாங்க?"
பதினோரு வயது நியாயம்.
பெரியவர்களுக்கு பிரேக் தெரியும் என்ற நம்பிக்கையில்
என் கையில் திணிக்கிறான் கன்ட்ரோலரை.

மூன்று முறை தோற்றவள் நான், கண்ணா.

முதல் முறை,
புறப்படுமுன் குனிந்து
காருக்கடியில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கவில்லை.
இரண்டாம் முறை, ரிவர்ஸில்,
இடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
கம்பம் லேசாகத் தலையாட்டியது.
மூன்றாவது, மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது
ஓர் அங்குலம் பின்னால் உருண்டேன்.
திருமதி ந்செலே எதுவும் சொல்லவில்லை.
அவர் பெயரில் ஒரு சொடுக்கு உண்டு,
பேனாவிலும் ஒன்று.
அன்று கேட்டது பேனாவுடையது.

சாட்ஸ்வொர்த்தில் சமதளம் என்பது வதந்தி.
வீட்டு வாசல், கோயில், ரொட்டிக்கடை,
எல்லாமே ஏதோ ஒரு மேட்டில் தொற்றிக்கொண்டிருக்கின்றன.
இங்கே அந்த ஓர் அங்குலத்துக்குப் பின்னால்
எப்போதும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.
அது எனக்கும் தெரியும்.
அதனால்தான் அழவில்லை,
பஸ் வரும்வரை.

அத்தான் லோகேந்திரன் தேர்வுக்கே போகவில்லை.
மைதானத்துக்கு வெளியே
அவித்த கடலை விற்பவனுக்குப் பக்கத்தில்
ஒருவன் நிற்பானாம்.
நாலாயிரம் ராண்ட்.
இப்போது ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில்
மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் முந்துகிறார்.
பின்னிருக்கையில் என் அக்கா
கண்ணை மூடிக்கொண்டு முருகனுக்கு வேலை கொடுக்கிறாள்.

"குடு இங்கே" என்று அவர்தான் வாங்கினார்.
வெள்ளைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும்,
அவ்வளவுதான் கேள்வி.
பதினான்கு தடவை தாண்டிப் போனார்.
பதினைந்தாவதில், வியர்வையைத் துடைத்தபடி,
"எவ்வளவு கட்டினா தொறக்கும்?"

கேலிக்குத்தான் கேட்டார் என்று நினைத்தேன்.
கெய்லன் திரையின் மூலையைக் காட்டினான்:
எல்லாக் காரும், எல்லாச் சாலையும்,
நூற்றுத் தொண்ணூற்றொன்பது ராண்ட்.

கடலைக்காரன் பக்கத்தில் நிற்பவனை
அங்கேயும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.
மலிவாக.

அப்பாவும் பிள்ளையும் நடுநிசிவரை
சுவர் சுவராக மோதினார்கள்.
சுவர்களுக்கு ஒன்றுமில்லை. கார்களுக்கும்.
சிரிப்புச் சத்தம் வாசல்வரை.
இதற்குப் போய்த் தேர்வு எதற்கு
என்று எனக்கே தோன்றிவிட்டது.
கண்ணாடி பார்க்காமல், தோள் திருப்பாமல்,
பேனா சொடுக்காத ஓரிடம்
மனிதனுக்கு வேண்டாமா?

வேண்டும்தான்.
ஆனால் எனக்கு வேலை எலும்பு வார்டில், இரவில்.
ஆறாம் கட்டிலில் ஒரு பையன்,
காலில் எடை தொங்குகிறது,
கட்டைவிரல்கள் மட்டும்
போனில் வளைவு திரும்புகின்றன.
மாத்திரை கொடுக்கும்போது
நிமிர்ந்தும் பார்க்க மாட்டான்.
அவனுக்கு எதைத் தடுக்கச் சொல்வீர்கள்,
எதைத் திறக்கச் சொல்வீர்கள்?
நான் தலையணையை மட்டும் சரிசெய்வேன்.

அவர்கள் தூங்கிய பிறகு
ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
சாலைகள் எல்லாம் திறந்தே இருந்தன.
நான் பிரேக் தேர்வுக்குப் போனேன்.
கட்டம் தாண்டியது. மறுபடி.
கட்டத்துக்கு முன்பே நின்றது. மறுபடி.
இந்த 'மறுபடி'க்குக் கட்டணம் இல்லை,
ஆறு வாரம் காத்திருப்பு இல்லை,
லீவு கேட்டு மேட்ரன் முகம் பார்க்க வேண்டியதில்லை.
முப்பத்தொன்றாவது தடவை
வெண்கலம்.
கைதட்ட ஆளில்லை. பிரிட்ஜ் மட்டும் உறுமியது.

அதற்கும் வியாழக்கிழமைக்கும் சம்பந்தமில்லை,
தெரியும்.
பட்டனுக்கு கிளட்ச் தெரியாது.
கார் நடுங்கி, கடிக்கிற அந்த இடம்
பாதத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இருந்தாலும்
திரை அணைந்த இருட்டில்
சோபா விளிம்பில் என் இடது கை
ஹேண்ட்பிரேக்கைத் தேடிப் பிடித்து
இழுத்து வைத்திருக்கிறது,
வீடே பின்னால் உருண்டுவிடும் என்பதுபோல.