சும்மா நிற்பவர்கள்

ஊலு நகரில் நவம்பர் மாதம்
மூன்று மணிக்கே பகல் கடையைக் கட்டிவிடும்.
நான்காம் மாடியில், வெள்ளைப் பலகையில்,
பிர்க்கா புதுமைகளை எழுதிக்கொண்டிருந்தான்.
ஒரே களத்தில் நாற்பதாயிரம் பேர்.
நிஜக் காற்றைக் கேட்டு அசையும் புல்.
செத்தால் தழும்போடு திரும்பிவரும் குதிரை.
இதுவரை எவனும் செய்யாதது என்று
ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டான்.
குதிரைக்கு மட்டும் இரண்டு கோடு.

நான் ராகேல் ஹியெத்தானென்.
புதுமைக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
இரவு வேலை. சர்வர் சூடாகாமல் பார்ப்பேன்,
ஏமாற்றுகிறவனுக்குக் கதவைச் சாத்துவேன்,
விடிந்ததும், அதாவது ஒன்பதரைக்கு, வீட்டுக்குப் போவேன்.

ஆட்டத்தின் வடமேற்கு மூலையில்
உப்புச் சதுப்புக்கு அப்பால் ஒரு குகை.
புதிதாய் வருபவர்கள் அதில் இறங்கி
வழி தப்பி, பசித்து, செத்து,
அத்தோடு ஆட்டத்தையே மறந்துவிடுவார்கள்.
எங்கள் கணக்கில் அது ஒரு சிவப்புக் கோடு.

மார்ச்சில் அந்தக் கோடு சரிந்தது.
என்னால்தான் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள்.
நான் பதிவேட்டைத் தோண்டினேன்.
கீழே வைத்த கைவிளக்கு
பத்து வினாடியில் மறைய வேண்டும். மறையவில்லை.
நிரலில் எங்கோ ஒரு குறி தலைகீழாக இருந்தது.

முதல் விளக்கை வைத்த பெயர் 'ஈரக் காலுறை'.
கட்டண முகவரி புந்தா அரேனாஸ் என்றது.
மறுநாள் முப்பதடி உள்ளே இன்னொருவர் இன்னொன்று.
பிறகு பாதை பிரியும் இடங்களில்,
வழுக்கும் இடத்தில் இரண்டு.
ஜூனுக்குள் குகையின் அடிவயிறு வரை
நானூற்றுப் பன்னிரண்டு.
விளக்கு ஒன்று அறுபது காசு.
வைத்தவருக்கு ஒரு புள்ளியும் கிடையாது.

இப்போது, இந்த நவம்பரில், பிர்க்காவிடம் சொன்னேன்.
"பிழைதானே, திருத்திவிடலாம்" என்றான்.
கெட்டவன் இல்லை. ஒழுங்கானவன்.
செவ்வாய் விடியற்காலை நான்கு மணிக்குத் திருத்தத்தை ஏற்றினேன்.
ஆமாம், ஏற்றியது நான்தான்.
நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே மூச்சில் போயின.

புதன் கோடு ஏறியது. வியாழன் ஏறியது.
வெள்ளி இரவு
நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தேன்,
நூறு காசும் மரக்கத்தியும் வாங்கிய புதுமுகமாக.
குகை வாயில் ஒருவன் நின்றான், கையில் விளக்கு.
வளைவில் ஒருத்தி, கையில் விளக்கு.
கையில் இருப்பது மறையாது; அது பிழையல்ல, விதி.
இறங்க இறங்க ஆட்கள்,
போர்க் கவசத்தோடு, பூக்கிரீடத்தோடு,
ஒருவன் மீன் முகமூடியோடு,
கம்பம் போல நின்றுகொண்டு.

பதினைந்து நிமிடம் அசையாதவரை
ஆட்டம் வெளியே தள்ளும்.
பதிவேட்டில் அந்த நிலைக்குப் பெயர் 'சும்மா'.
ஆகவே பதினான்காவது நிமிடத்தில்
ஆளுக்கொரு குதி குதித்தார்கள்.
அவரவர் நேரத்துக்கு, குகை நெடுக,
வெளிச்சங்கள் ஒரு சாண் எழுந்து
ஒரு சாண் இறங்கின.

எங்கள் ஆட்டத்தில் பேச முடியாது.
கையசைப்பு, வாள் தூக்கல், தலைவணக்கம்,
மூன்றே சைகை.
வந்தவர் வணங்க, நின்றவர் வணங்கி
விலகிப் போய்த் தூங்கினார்கள்,
எந்தெந்த ஊரிலோ.

திங்கட்கிழமை பலகையில்
குதிரைக்குக் கீழே 'குதிக்கிறார்கள்' என்று எழுதினேன்.
"குதிப்பது முதல் நாளிலிருந்தே இருக்கிறதே"
என்றான் பிர்க்கா.
ஆமாம் என்றேன்.
அவன் அழிக்கவும் இல்லை, கோடு போடவும் இல்லை.

நேற்று மூன்றாம் வளைவில் ஆள் வரவில்லை.
கடிகாரத்தில் பதினாலு நிமிடம் வைத்துவிட்டு
காப்பியோடு உட்கார்ந்தேன்; அங்கே நின்றேன்.
இரண்டாவது குதிக்குப் பிறகு
மரக்கத்தியோடு யாரோ
சுவரில் முட்டி முட்டி வந்தார்,
என் விளக்கருகே கொஞ்சம் தயங்கினார்,
தாண்டிப் போனார்.
வணங்கவில்லை.
எந்தப் பொத்தான் என்று
இன்னும் தெரியாது அவருக்கு.