பன்னிரண்டாம் டப்பா

வடுவூர் ஏரி தாண்டும்வரை அவன் பேசவில்லை.
ஜன்னலோரம் அவனுக்கு, எப்போதும் போல.
நாற்பத்து மூன்று வயது, முக்கால் தலை நரைத்தாயிற்று.
பத்தைத் தாண்டமாட்டான் என்று சொன்ன டாக்டர்
போய்ச் சேர்ந்தே இருபது வருஷம்.

தஞ்சாவூரில், மின்விசிறி முனகும் அறையில்
ஃபஸீலா, கூத்தாநல்லூர்ப் பெண்,
மூன்று படம் காட்டினாள். சாவி, குடை, சீப்பு.
'அப்புறம் கேப்பேன் வீரையண்ணே, ஞாபகம் வச்சுக்கணும்.'
அண்ணே என்று அவனை யாரும் கூப்பிட்டதில்லை.
நாற்காலியில் நிமிர்ந்துகொண்டான்.

எனக்கொரு படிவம். அவனுக்குப் படம் போட்ட படிவம்.
ஊசிப் படத்தில் விரல் வைத்து, 'வலிக்குமா?'
'கொஞ்சம் வலிக்கும்.'
பொய் சொல்லாதவளுக்குக் கையெழுத்துப் போட்டான்,
ரையின் கொம்பை எழுத்துக்குப் பின்னால் மாட்டி.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதிநோய்
யாருக்கு, எந்த வயதில், ஏன்: இதுதான் ஆராய்ச்சி.
இருபத்தொன்றாம் குரோமோசோம் இவனுக்கு மூன்று.
அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு மரபணு
ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்கிறதாம்.
நாற்பதுக்குள் மூளையில் படிந்துவிடுகிறதாம்.
'ஆத்துல வண்டல் படியுற மாதிரிக்கா.'
வேண்டாம் பாப்பா.
வண்டல் எங்களுக்குச் சோறு. வேறு சொல்.
யோசித்தாள். 'வேற தெரியலக்கா' என்றாள்.
அது பிடித்தது எனக்கு.

'வேலையில ஏதாவது மாற்றம்?'
'இல்ல.'

நான் சொல்லவில்லை, நாக்கு சொன்னது.
பள்ளிக்கூட வாசலில் 'எல்லாம் செய்வான் சார்' என்றது இது.
திருவாரூர் முகாமில், உதவித்தொகை வரிசையில்,
அவன் காதுபடவே
'ஒண்ணும் முடியாதுங்க' என்றதும் இதுதான்.
முத்திரை குத்துகிறவர் முகம் பார்த்து
முடியும் முடியாது என்று புரண்டு பழகியது.
உள்ளது என்னவென்று மட்டும்
இதுவரை யாரும் கேட்கவில்லை.

'இருக்கு' என்றேன்.

பாமணி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
என் வீட்டுக்காரரின் பம்ப்செட் சாமான் கடை.
கண்ணை மூடி, கட்டைவிரலால் தடவி
நட்டுகளைப் பிரிப்பான் வீரையன்.
எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்று தப்பியதில்லை.
போன குறுவைக்குத் தண்ணீர் வந்த வாரம்
பன்னிரண்டாம் டப்பாவில் ஒரு பதினாலு கிடந்தது.
எடுத்து அதன் டப்பாவில் போட்டேன்.
மறுநாள் மூன்று.

அன்றிலிருந்து ஷட்டர் பாதி இறங்கியதும்
டப்பாக்களைக் கவிழ்க்கிறேன்.
தப்பியதை எல்லாம் அதனதன் வீட்டில் விடுகிறேன்.
காலையில் வந்து எட்டிப் பார்ப்பான். எல்லாம் சரி.
'கரெக்டு' என்பான், தனக்குத்தானே.

ஃபஸீலா உச்சுக் கொட்டவில்லை.
பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.
'மொத நாள் எத்தன?'
'ஒண்ணு.'
ஒண்ணு என்று எழுதினாள்.
'இனிமே மாத்தி வைக்காதீங்கக்கா.
எண்ணி நோட்டுல மட்டும் எழுதுங்க.'
ரத்தம் எடுத்தபோதுகூட அவன் கத்தவில்லை.
எனக்குத்தான் சுருக்கென்றது.

'அண்ணே, அந்த மூணு என்ன?'
'சாவி.'
மின்விசிறி சுற்றியது.
'சாவி... டீ.'
'டீ குடிக்கணுமா?'
'ஆமா. ரெண்டு வடை.'

இரவு, ஷட்டர் பாதி.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டேன்.
ஏழு.
கை தானாக ஒரு நட்டை எடுத்தது. திரும்ப வைத்தேன்.
வெளியே பூட்டோடு நின்று 'நேரமாச்சு' என்றான் வீரையன்.

நாளைக்கு யாரோ ஒருவர்,
வெண்ணாற்றுப் பக்கமிருந்து, மோட்டார் பாதியில் நிற்க,
பன்னிரண்டு கேட்டுப் பதினாலு வாங்கிப் போய்
திட்டிக்கொண்டே திரும்பி வருவார்.
வரட்டும்.
மாற்றித் தருகிறேன்.