நான்கே சொல்

கடுதாசி என்று சொல்வதற்கில்லை.
ஃபோர்ட் மெக்மரி எண்ணெய் வயலில்
கேன்டீன்காரன் கிழித்துக் கொடுத்த ரசீது.
அச்சு வெளுத்து விலையும் போச்சு, தேதியும் போச்சு.
பின்புறம் பென்சிலில்
ஐ,
அப்புறம் அந்த வினைச்சொல்,
அப்புறம் யுவர் லெட்டர்ஸ்.
ஆக நான்கே சொல்.

பதினோரு வருஷம் எழுதியிருக்கிறாள் ஃபிலோமினா.
நண்டு விலை, கூரை ஒழுகல்,
அம்மாவின் இடுப்பு ஆபரேஷன்,
பிறகு, அம்மா இல்லை என்பது.
தம்பி ஆம்ப்ரோஸ் எதற்கும் பதில் போட்டதில்லை.

இங்கிலீஷில் மற்ற வினையெல்லாம்
நேற்றுக்குப் போகும்போது
வாலில் எதையாவது ஒட்டிக்கொள்ளும்,
இல்லை வயிற்றில் ஓர் உயிரெழுத்தை மாற்றிக்கொள்ளும்.
இது மட்டும் போட்ட சட்டையோடு போய்விடும்.
ரீட் என்றால் படிக்கிறேன்.
ரெட் என்றால் படித்தேன். சிவப்புக்கும் அதே சத்தம்.
எழுத்து ஒன்றே; வாய் திறந்தால்தான் காலம் தெரியும்.
ஆம்ப்ரோஸின் வாயோ
நியூஃபவுண்ட்லாந்துக்கு மூன்றரை மணி நேரம்
பின்னால் ஓடும் கடிகாரத்தில்.

(தமிழில் எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பான்.
நாம் வினையின் இடுப்பிலேயே
காலத்தைக் கட்டித்தான் வெளியே அனுப்புவோம்.)

தபால் ஆபீஸ் ஊனா பட்ஜெல்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
ரெட் என்று வாசித்தாள்,
கரண்ட் பில் வாசிப்பதுபோல.
படித்தான், முடிந்தது.
கட்டாகக் கட்டி எங்காவது எறிந்திருப்பான்.

நண்டு ஆலையில் ஷிஃப்ட் முழுக்கக்
கால்களை ஒடித்தபடி
ரீட், ரெட், ரீட்.
"யாரைத் திட்டுகிறாய்?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.
ரீட் என்றால் அது வழக்கம்:
சனிக்கிழமை ராத்திரி பூட்ஸைக் கழற்றிப்போட்டு
இரும்புக் கட்டிலில் சாய்ந்து
ஒவ்வொன்றாக.
அம்மா இல்லை என்பதையும்
சனிக்கிழமைதோறும் ஒரு தடவை.

தினமும் என்றோ போன வருஷம் என்றோ
இன்னொரு சொல் போட்டிருக்கலாம்.
பென்சில் மழுங்கியிருக்கும்.
இல்லை, அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஞாயிறன்று அவளும் எழுதினாள்.
ஐ செட் யுவர் பிளேட்.
உன் தட்டை வைக்கிறேன்.
உன் தட்டை வைத்தேன்.
இந்தச் சொல்லை
வாய்விட்டுப் படித்தாலும் பிடிபடாது.
தேதி போடவில்லை.
உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

அவனும் கொஞ்சம் முழிக்கட்டும்.