சாவிப் பலகை

வருஷத்தில் முந்நூற்று அறுபத்திரண்டு நாள்
இந்த லாட்ஜுக்கு வருவது
வலை ஏஜெண்டும் மருந்துக் கம்பெனிப் பையன்களும்தான்.
நாலாம் நம்பரில் வீட்டோடு கோபித்துக்கொண்டு வந்த வாத்தியார்
நிரந்தரம்.

மீதி மூன்று நாள்
குளச்சல் இசைவிழா.

ரிஜிஸ்டரில் 'வந்த காரியம்' என்றொரு கட்டம்.
மற்ற நாளில் எல்லாரும் 'சொந்த வேலை' என்று எழுதுவார்கள்.
டிசம்பர் இரண்டாம் வெள்ளியன்று மட்டும்
கிளாரினெட், வயலின், டிரம்பெட், தவில் என்று
கையெழுத்து கோணிக்கொண்டு போகும்.
நெய்யாற்றின்கரை ஷைஜூ மலையாளத்தில் எழுதுவான்.
போலீஸ் கேட்டால் நான்தான் வாசித்துக் காட்டவேண்டும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. சுவர் தெரியும்.
எட்டில் தொண்டை செருமினால் ஏழில் விழிப்பார்கள்.
ஆகவே தவிலுக்கு மொட்டைமாடி அறை,
வயலினுக்கு மூலை.
முதலாளி மீரான் கண்ணுவின் வீட்டைப் பார்த்த ஜன்னலை
டிரம்பெட்டுக்குக் கொடுக்கவே கூடாது.
பதினொரு வருஷத்தில் நான் கற்ற ஞானம் இவ்வளவு.

மேடையை ஒருமுறையும் பார்த்ததில்லை.
சாவியை யார் கையில் கொடுத்துவிட்டுப் போக?
எனக்குக் கிடைத்ததெல்லாம் பாதி:
கதவு மூடுமுன் ஒரு வரி,
பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் ஒரு வரி.
வடக்கன்குளம் ததேயுவின் கிளாரினெட்
மேலே ஏறும்போது
மூன்று வருஷமாய் ஒரே இடத்தில் தடுக்குகிறது.
மேடையில் தடுக்காதாம், ராபி வந்து சொல்வான்.
நான் நம்பியதில்லை.

இந்த வருஷம் வெள்ளி மத்தியானமே பிடித்தது
சவத்து மழை.
மைதானம் முழங்கால் தண்ணீர்.
பந்தல் துணி கடல் பார்க்கக் கிளம்பி
மீன் ஏலக் கூடத்தில் பிடிபட்டதாம்.
ஏழரைக்குக் கரண்டும் போனது.
கமிட்டிச் செயலாளர் குடையை மடக்காமலே வாசலில் நின்று
"நாளைக்குப் பாப்போம்" என்றார்.
நாளைக்கும் மழை என்று அவர் முகமே சொன்னது.

சட்டை இஸ்திரி போட்டு, மீசைக்கு மை வைத்து
போக இடமில்லாமல் பதினேழு பேர்.
மெழுகுவத்தி ஐந்துதான் இருந்தது,
அறைக்கொன்று தர முடியாது.
மாடிப்படியில் நாலு படிக்கு ஒன்றாக வைத்தேன்.
நான் செய்தது அவ்வளவுதான். சத்தியமாய் அவ்வளவுதான்.

வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.
தூத்துக்குடி பியூலா "சும்மா சுதி பாக்கேன்" என்று தொடங்கினாள்.
அந்தச் சும்மா அரைமணி நேரம் நீண்டது.
இசக்கிமுத்து தவில்மேல் துண்டைப் போட்டு
மழைக்கு மரியாதை கொடுத்து வாசித்தார்.
ஷைஜூவின் கீபோர்டு கரண்ட் இல்லாமல் வெறும் பலகை.
அதன்மேலேயே தாளம் போட்டான்,
பிறகு என் மேஜையில், பிறகு சாவிப் பலகையில்;
மாற்றுச் சாவி பன்னிரண்டும் சிலுங்கின.
"தூங்க விடுங்களேன்" என்று சொல்ல வந்த வாத்தியார்
சொல்லாமல்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

மீரான் கண்ணு நனைந்துகொண்டு கத்தத்தான் வந்தார்.
"ராத்திரியில டிரம்பெட்டா ஓய்" என்று ஆரம்பித்து,
ஏற இடமில்லாமல் கீழேயே நின்று,
"அந்தப் பழைய பாட்டு வருமா?" என்றார்.
எந்தப் பாட்டு என்று சொல்லத் தெரியவில்லை, முனகிக் காட்டினார்.
சுதியே இல்லாத முனகல்.
ததேயு அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறினார்.
தடுக்கியது.

"எப்பவும் இங்கதான்" என்றார் என்னைப் பார்த்து.
"தெரியும், மூணு வருஷமா" என்றேன்.
படி முழுக்கச் சிரிப்பு.
சிரிப்பு அடங்குமுன் கிளாரினெட் மறுபடி ஏறியது,
அந்த இடத்தை எட்டியது,
அப்போது கரண்ட் வந்தது.
டியூப்லைட் கண்ணைக் குத்த, மோட்டார் உறும,
நாலாம் நம்பர் டிவி தானாய் விளம்பரம் கத்த
தாண்டியதா இல்லையா
யாருக்கும் தெரியாது.

ஞாயிறு மத்தியானம் காலி செய்தார்கள்.
மெழுகைச் சில்லறைக் காசால் சுரண்டினான் ராபி.
"மெழுகுவத்தி அஞ்சு, அம்பது ரூவா,
பில்லுல சேரு" என்றார் மீரான் கண்ணு.
யார் பில்லில் என்று அவரும் சொல்லவில்லை.
வாத்தியார் கணக்கில் எழுதினேன்.
மாசக் கடைசியில் எண்ணிக் கொடுத்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.