டிக்கெட்டின் பின்பக்கம்

கவுஞ்சியில் நைட் ஹால்ட்.
மணி நாலரை.
டிரைவர் சூசைமாணிக்கம் பின்சீட்டு நீளத்துக்கும்
கம்பளியாய்க் கிடக்கிறார்.
குறட்டை இரண்டாவது கியரில் ஏறுகிறது.
நான் முன்படி ஓரம், ஒற்றை சீட்டில்,
சப்பணமிட இடமில்லாமல்
காலைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடுகிறேன்.

பிரஷர் நூற்றறுபதைத் தொட்ட வருஷம்
திண்டுக்கல்லில் மூன்று நாள் முகாம் போட்டார்கள்.
வெள்ளைச் சட்டைப் பெண் ஒருத்தி சொன்னாள்:
மூச்சை மட்டும் கவனியுங்கள்.
நினைப்பு வந்தால் விரட்டவும் வேண்டாம்,
உட்காரச் சொல்லவும் வேண்டாம்.
நாற்பது பேரும் தலையாட்டினோம்.
விரட்டாமல், உட்காரவும் சொல்லாமல்
இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஆளைக்கூட
ஏற்றியதில்லை நான்.
அவளிடம் இதை எப்படிச் சொல்ல.

மூச்சு உள்ளே வருகிறது, குளிராக.
வெளியே போய்க் கண்ணாடியில் படிகிறது.
உள்ளே.
மகளின் காலேஜ் ஃபீஸ் ஏறுகிறது.
எங்கே போகணும்?
கேட்டுவிடுகிறேன், பழக்கதோஷம்.
அது ஜன்னலோரம் உட்கார்ந்து
பக்கத்து சீட்டில் துண்டையும் போடுகிறது,
மச்சினனுக்கு.
அவனும் வருகிறான், கக்கத்தில் வீட்டுப் பத்திரம்.
பின்னாலேயே, டிப்போ மேனேஜருக்கு நான்
பதினோரு வருஷம் முந்தி சொல்லாமல் விட்ட பதில்,
இன்றைக்குத்தான் வார்த்தை சரியாக அமைந்து
உரக்கப் பேசிக்கொண்டே ஏறுகிறது.
ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு. டிக்கெட்டே எடுக்காது.
உள்ளே போங்க, உள்ளே போங்க என்கிறேன்.
மூச்சு படியில் தொங்குகிறது.

இவர்கள் பரவாயில்லை.
கேள்வி கேட்காமல் இருந்தால்
ரெண்டு வளைவு தாண்டி இறங்கிவிடுகிறார்கள்.
இதைப் பழக நாலு மாசம் ஆயிற்று.
இறங்காதவர் ஒருவர்.

போன வருஷம் தை. மதிய டிரிப்.
மன்னவனூரில் ஏறினார்.
பூண்டு மூட்டையைக் காலடியில் தள்ளி
ஒரு கை கம்பியில், ஒரு கை தோளில் தூங்கும் பிள்ளைமேல்.
பிள்ளைக்கு ஒரு காலில் மட்டும் சிவப்புச் செருப்பு.
பல்லில் கடித்திருந்த ஐநூறு ரூபாயை
நானே உருவிக்கொண்டேன்.
டிக்கெட் முப்பத்திரண்டு, லக்கேஜ் முப்பது.
சில்லறை இல்லை.
பின்பக்கம் 438 என்று கிறுக்கி
அவர் சட்டைப்பையில் செருகினேன்.

பூம்பாறைக்கு முந்தின வளைவில்
பிள்ளை வாந்தியெடுக்க, பதறி இறங்கினார்.
மூட்டையை இறக்கி வைத்தது நான்.
ரைட் சொன்னதும் நான்.
பனிமூட்டத்துக்குள் பத்தடி போனதும்
ஞாபகம் வந்தது.
விசில் வாயில்தான் இருந்தது.

அன்று கலெக்‌ஷனில் நானூற்றுப் பத்து உதைத்தது.
சரிக்கட்டினேன்.
மீதி இருபத்தெட்டு.
எனக்கும் சூசைக்கும் டீ, ஒரு பன்.
பன்னில் பாதி பிய்த்து அவருக்குக் கொடுத்தேன்.
நல்லவன் மாதிரி.

அவர் ஏறினால் பஸ் முழுக்கப் பூண்டு வாசனை.
மூச்சைக் கவனி என்றால்
மூச்சே பூண்டு.
சீட்டு மாறி உட்கார்ந்து பார்த்தேன்.
ஒன்று முதல் பத்துவரை எண்ணிப் பார்த்தேன்,
மூணும் நாலும் எட்டும் மட்டும் சத்தமாகக் கேட்டது.
பணத்தைத் தனிக் கவரில் போட்டு
பையின் உள்ளறையில் வைத்திருக்கிறேன்.
ஸ்டாப்புக்கு ஸ்டாப் தேடுகிறேன்.
முகம் மறந்துபோயிற்று.
செருப்புதான் தெரிகிறது.
இந்நேரம் அது அந்தக் காலுக்குப் பத்தாது.

இன்றைக்கும் வந்தார்.
எங்கே என்று கேட்கவில்லை.
இறங்கச் சொல்லவும் இல்லை.
ஒற்றை சீட்டுதான், கொஞ்சம் நகர்ந்தேன்.
மூட்டை முழங்காலில் இடித்தது.
பிள்ளை இன்னும் தூக்கம்.
அப்படியே இருந்தோம்,
மூச்சு ரெண்டோ இருபதோ, எண்ணவில்லை.

பின்னால் சூசை இருமிக்கொண்டு எழுந்தார்.
"என்னண்ணே, தியானமா தூக்கமா?"
"ஆள் ஏறிட்டிருக்கு."
அவர் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தார்.
யூகலிப்டஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
சிரித்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு
தண்ணீர் பிடிக்கப் போனார்.

பையைத் திறந்து
கவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு
சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.
இப்போதெல்லாம்
நிறையக் கொண்டுவருகிறேன்.