நாற்பத்தைந்து டிகிரி

ஹெண்ணூர் சாலைத் திருப்பத்தில்
முதலில் பார்த்தது கெம்பம்மா.
தூங்குமூஞ்சி இலை என்று நினைத்துத்தான் கூட்டினாளாம்.
துடைப்பத்தில் கனம் தட்டியபோது
குனிந்திருக்கிறாள்.

சூறைக்குருவிகள்.
ரோஸ் முதுகும் கறுப்புத் தலையுமாய்
நூற்றுப் பதினேழு.
எண்ணியது நான். யாரும் எண்ணச் சொல்லவில்லை.
ரத்தம் இல்லை. கழுத்து மட்டும் துவண்டு,
பொடிக்கற்கள் மேல்
துவைக்கப் போட்ட காலுறைகள் போல.
ஒன்றின் அலகில் ஆலம்பழத் தோல்.

ஏழு மணிக்குள் ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிட்டது.

டவர்தான் என்றார் ஒன்பதாம் மாடி சுதீந்திர ராவ்.
போன வருடம் சிக்னல் வரவில்லை என்று
வீடுவீடாய்க் கையெழுத்து வாங்கியவர்.
டீக்கடையில், எலிமருந்து கலந்த சோளம்.
ஏரி நுரையைக் குடித்திருக்கும் என்றாள்
பள்ளி வேனுக்கு நின்ற பெண்.
அவள் தம்பிக்கு அதில் உடன்பாடில்லை:
"ஒண்ணுக்கொண்ணு சண்டை."
பூமி ஆடப்போகிறது என்று
கன்னடத்தில் சொன்னாள் கெம்பம்மா.
சொல்லிக்கொண்டே
மேஸ்திரி வருவதற்குள் பாதியைச் சாக்கில் அள்ளிவிட்டாள்.

ஆறு பறவைகள் ஐஸ்கிரீம் டப்பாவில்
கால்நடை ஆய்வகத்துக்குப் போயின.
அன்று வெள்ளி.
அப்புறம் இரண்டாம் சனி, ஞாயிறு, திங்களன்று ஏதோ பந்த்.
செவ்வாய் வந்த தாளில் இரண்டு வரி:
மாதிரி அழுகிய நிலையில் பெறப்பட்டது.
முடிவு கூற இயலாது.
அசோசியேஷன் அதை நோட்டீஸ் போர்டில் குத்தியது.
எல்லோரும் நின்று படித்துவிட்டு
லிஃப்டுக்குப் போனார்கள்.

கேட்டில் நிற்கும் பிரணாப் லங்தாசா
காரணம் எதுவும் சொல்லவில்லை.
பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு
அரைகுறை இந்தியில் ஊர்க்கதைதான் பேசினான்:
எங்கள் மலையில்,
மூடுபனி இறங்கி நிலா இல்லாத ராத்திரிகளில்
மூங்கில் நுனியில் விளக்கைக் கட்டி நின்றால் போதும்.
பறவைகள் தாமாக வந்து விழும்.
ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது, அண்ணா.

என் பீடி அணைந்திருந்தது.

முந்தின செவ்வாய்தான்
பதினெட்டாம் மாடிக்கு மேல் மொட்டைமாடியில்
எட்டு ஃபிளட்லைட் மாட்டியிருந்தேன்.
ஒவ்வொன்றும் நானூறு வாட்.
மேம்பாலத்தில் போகிறவனுக்குக்
கட்டடத்தின் பெயர் தெரிய வேண்டுமாம்.
நாற்பத்தைந்து டிகிரி மேல்நோக்கி;
கண்ணை இடுக்கிக் கோணம் பார்த்தது
இதே கண்தான்.
பெயரில் பட்டது போக மிச்ச வெளிச்சம்
எங்கே போகும் என்று
எலெக்ட்ரீஷியனிடம் யாரும் கேட்பதில்லை.
வியாழன் ராத்திரி பனி.

ஒருநாள் ஃபியூஸைப் பிடுங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விடிய விடிய இருந்தேன்.
ஒன்றும் விழவில்லை.
மறுநாள் எட்டையும் போட்டேன்.
அன்றும் ஒன்றும் விழவில்லை.
விழுவதற்கு மரத்தில் ஏதாவது மிச்சம் இருந்ததா,
அதையும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே டவராக இருக்கலாம்.
சோளமாக இருக்கலாம்.
பூமி இன்னும் ஆடவில்லை, ஆடலாம்.
கூலி வாங்கிக் கடனை அடைத்தாயிற்று,
காரணத்தில் எனக்கென்ன பங்கு என்று
ஸ்பானரைத் துடைத்து வைத்த ராத்திரி
தூக்கம் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் எல்லோரும் மேட்ச் பார்க்கையில்
மேலே போய்
எட்டையும் கீழே பார்க்கத் திருப்பினேன்.
பில் போடவில்லை.

நேற்று செக்ரட்டரி கூப்பிட்டார்.
பெயரில் பின்பாதி இருட்டாக இருக்கிறதாம்.
பழையபடி தூக்கி வைக்க வேண்டுமாம்.
காலை பத்துக்கு வரச் சொன்னார்.
எந்தப் பாதி, சார் என்று கேட்டேன்,
தெரியாதவன் போல.