பெயர் நீக்கம்

பிப்ரவரி. மேற்கு ஜட்லாந்தில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, தள்ளும்.
அப்படித்தான் அவளும் வந்தாள்,
ரப்பர் பூட்ஸில் ஈரமணல்,
முழங்கை தேய்ந்த படகுத்துறைச் சீருடை.
எலினோர் ட்ரான்பர்க், அறுபத்தொரு வயது,
கால்வாயைக் கடக்கும் படகில் டிக்கெட் கிழிப்பவள்.

"பேரை எடுத்துவிடுங்கள்" என்றாள்.

திருச்சபைப் பதிவேடு என் பொறுப்பு.
பிறந்தவரைச் சேர்ப்பேன், இறந்தவரைக் கழிப்பேன்.
உயிரோடிருப்பவர் தன்னைத்தானே கழிக்க வந்தால்
அதற்கும் ஒரு படிவம் உண்டு,
இரண்டாம் இழுப்பறையில், பசைநாடாவுக்கு அடியில்.
காரணம் என்றொரு கட்டம் அதில் இல்லை.
ஆனாலும் கேட்டேன்.
வரியா? பலருக்கும் வரிதான்.
புதுப் போதகரா?
வீட்டில் ஏதும் சாவா?

"ஒன்றும் நடக்கவில்லை.
ஐம்பது வருஷம் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தேன்,
ஒன்றுமே நடக்கவில்லை.
எழுந்தவர்களைப் பார்த்து எழுந்தேன்,
அமர்ந்தவர்களைப் பார்த்து அமர்ந்தேன்.
போன நவம்பரில், கடைசி நடை,
ஒரு வண்டிகூட ஏறாத தளத்தில் நின்றபோது
யாரோ என் பேர் சொல்லிக் கூப்பிட்டது போல...
இல்லை, கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் நான் ஒருத்திதான்
பதில் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்துபோனது.
கை நடுங்கி டிக்கெட் கத்தை தண்ணீரில் விழுந்தது.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்."

பேனா கொடுத்தேன்.
நாக்கு நுனியைக் கடித்தபடி கையெழுத்திட்டாள்.
"நம்பாதவர்கள்தானே விலகுவார்கள்" என்றேன்.
"அவர்கள் ஏன் விலக வேண்டும்?
அவர்களுக்கு அங்கே என்ன தொந்தரவு?"

கல்லறையில் இடம் கிடைக்கும், கட்டணம் கூடுதல்,
மணி அடிக்க மாட்டோம்.
சொல்வது என் கடமை, சொன்னேன்.
"சரி" என்று
பூட்ஸ் மணலை மிதியடியில் தட்டிவிட்டுப் போனாள்.

படிவத்தைப் பதினோரு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தலை எண்ணுவதும் நான்தான்.
ஒன்பது.
கூரையிலிருந்து கயிற்றில் தொங்குகிறது
மீனவர்கள் நேர்ந்து வைத்த குட்டிக் கப்பல்,
மூன்று பாய்மரம், பித்தளைப் பீரங்கிகள்,
இருநூறு வருஷமாக ஒரு துளி உப்பு படாமல்.
வெந்நீர்க் குழாயின் சூட்டில் மெல்லத் திரும்பும்,
கொஞ்ச நேரம் பீடத்தை நோக்கி,
கொஞ்ச நேரம் வாசலை நோக்கி.
ஒன்பது என்று எழுதிய பிறகுதான் யோசித்தேன்,
என்னைச் சேர்த்தேனா இல்லையா.
இருபத்திரண்டு வருஷத்தில்
எந்தக் கணக்கிலும் வராத சந்தேகம்.

அன்றிரவு பாத்திரம் கழுவும் தொட்டியருகே
விளக்கணைத்து நின்றேன்.
யாருக்கும் தெரியாமல் திருடப் போகிறவன் போல
ஜெபத்தைத் தொடங்கினேன்.
"எங்கள்" என்ற சொல்லிலேயே நாக்கு நின்றுவிட்டது.
எங்கள் என்றால் யார்?
அந்த ஒன்பது பேரா?
"என்" என்று மாற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன்.
குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
திறந்த வாயை எப்போது மூடினேன்,
நினைவில்லை.

திங்கட்கிழமை முதல் தபாலில்
அவள் படிவத்தை அனுப்பினேன்.
என் பேர் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது,
எழுத்துப்பிழை ஏதும் இல்லாமல்.